கிஃப்ட்: ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் விஷம், ஸ்வீடிஷில் கல்யாணம்

ஜெர்மன் படிக்கத் தொடங்கும் எவரும் சீக்கிரமே முட்டிக்கொள்கிற ஒரு சொல்லைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எலி மருந்து டப்பாவில் ‘கிஃப்ட்’ என்று அச்சிட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அதே எழுத்துகளுக்குப் பரிசு என்று பொருள். ஸ்வீடனில் அதே எழுத்துகளை எழுதி ‘யிஃப்ட்’ என்று வாசித்தால் கல்யாணமானவர் என்று அர்த்தம். மூன்றும் ஒரே சொல்லா, எழுத்து மட்டும் தற்செயலாக ஒத்துப்போகிறதா என்று கேட்டீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பரிசு எப்படி விஷமாகும், எது முதலில் வந்த அர்த்தம் என்பதுதான் அது. பதில் சொல்ல வேண்டியது அதிகமும் அந்த இரண்டாவது கேள்விக்குத்தான்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றும் ஒரே சொல்தான், இதில் ஐயமில்லை. ஆனால் பரிசு விஷமாக மாறவில்லை. முதலில் இருந்த அர்த்தம் ‘கொடுத்தல்’, ‘கொடுக்கப்பட்டது’ என்பது மட்டுமே. எதைக் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்து அது மூன்று திசையில் பிரிந்தது: பொருளைக் கொடுத்தால் பரிசு, பெண்ணைக் கொடுத்தால் கல்யாணம், மருந்தைக் கொடுத்தால் விஷம். கல்யாணத்திலிருந்து விஷமோ விஷத்திலிருந்து கல்யாணமோ வரவில்லை. ஸ்வீடன், டென்மார்க், நார்வே அடங்கிய ஸ்காண்டிநேவியாவில் இதே சொல்லுக்கு விஷம் என்ற பொருளும் உண்டு. இந்த இரட்டை அர்த்தத்தை வைத்து அங்கே சொல்லப்படும் வேடிக்கைக்குச் சொல்வரலாற்றில் ஆதாரம் எதுவும் கிடையாது.

சொல் எப்படிக் கட்டப்பட்டது என்று பாருங்கள். நம் இலக்கணத்தில் சொல்வதுபோலப் பகுதி, விகுதி என்று பிரித்தால், பகுதி ‘கெப்’ (கொடு), விகுதி ‘தி’. (இந்தப் பதிலில் ‘கெப்’, ‘கெபன்’, ‘கிஃப்ட்’ எல்லாவற்றிலும் ககரத்தை ‘தங்கம்’ என்பதில் வருவதுபோல் மெலிந்து ஒலியுங்கள்.) வினையோடு ‘தி’ சேர்ந்தால் தொழிற்பெயர், நம் ‘கொடு’ ‘கொடை’ ஆவதுபோல. ஜெர்மானிய மொழிகளில் (ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் போன்றவை அடங்கிய குடும்பம் இது) தகரத்துக்கு முன்னால் வரும் உதட்டொலி ‘ஃப்’ ஆகிவிடும். இது ஒரு புணர்ச்சி விதி என்றே சொல்லலாம். பின்னால் இகரம் இருப்பதால் எகரமும் இகரமாகும். ஆக ‘கெப்+தி’ என்பது ‘கிஃப்தி’ ஆனது, கடைசி உயிர் தேய்ந்து ‘கிஃப்ட்’ ஆனது. இதே அச்சில் வார்த்த சொற்கள் இன்றும் ஏராளம். ஆங்கிலத்தில் ‘டிரைவ்’ என்பதிலிருந்து ‘டிரிஃப்ட்’, ‘வீவ்’ என்பதிலிருந்து ‘வெஃப்ட்’. ஜெர்மனில் ‘ஷ்ரைபன்’ (எழுது) என்பதன் பக்கத்தில் ‘ஷ்ரிஃப்ட்’ (எழுத்து), ‘ட்ரைபன்’ (ஓட்டு) என்பதன் பக்கத்தில் ‘ட்ரிஃப்ட்’ (மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லல்). அந்த வரிசையில் ‘கேபன்’ (கொடு) என்ற வினைக்குப் பக்கத்தில் நிற்பதுதான் ‘கிஃப்ட்’. ஜெர்மன் படிப்பவர்கள் இந்தச் சோடிகளைச் சேர்த்து மனப்பாடம் செய்தால் சொல் மறக்காது.

இப்போது கல்யாணக் கிளை. எழுத்தில் கிடைக்கும் சான்றுகளில் மிகப் பழைய கிளை இதுதான், இங்கேதான் சுவையும் அதிகம். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர், இன்று வழக்கில் இல்லாத ஜெர்மானிய மொழியான கோதிக்கில் பைபிளைப் பெயர்த்தார். லூக்கா சுவிசேஷத்தின் 2ஆம் அதிகாரத்தில் மரியாள் யோசேப்புக்கு நிச்சயிக்கப்பட்டவள் என்று வரும் இடத்தில் ‘ஃப்ராகிஃப்திம்’ என்ற சொல் நிற்கிறது. முன்னொட்டைக் கழற்றினால் உள்ளே நம் சொல். அதற்குப் பிறகு இங்கிலாந்து. தென் இங்கிலாந்தில் இருந்த வெசெக்ஸ் என்ற நாட்டை 688 முதல் 726 வரை ஆண்ட இனே அரசனின் சட்டத்தொகுப்பில் 31ஆவது விதி ஒன்று உண்டு: ஒருவன் மனைவியை விலை பேசி வாங்கி, அந்த ‘கிஃப்ட்’ நடக்காமல் போனால், பணத்தைப் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும், அதே அளவு மேலும் தர வேண்டும், பிணை நின்றவருக்கும் ஈடு கட்ட வேண்டும். இங்கே அந்தச் சொல்லுக்குப் பரிசு என்று பொருள் கொண்டால் விதியே புரியாது. அது கல்யாணம். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பெண்ணுக்காகத் தரும் பரிசப்பணம் என்ற பொருளும், பன்மையில் திருமணம் என்ற பொருளும்தான் பதிவாகியிருக்கின்றன. இன்றைய ஆங்கிலத்தின் ‘பரிசு’ என்ற பொதுப் பொருள் பிற்பாடு வந்தது.

வடக்கே, வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ‘கிஃப்டா’ என்ற வினைக்குப் பெண்ணைக் கட்டிக் கொடுத்தல் என்று பொருள். ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் மூன்றிலும் ‘கல்யாணமான’ என்று சொல்லும் ‘கிஃப்ட்’ அந்த வினையின் எச்சம்தான்: ‘கொடுக்கப்பட்டவள்’. அதனால் முதலில் இது பெண்ணுக்கு மட்டுமே பொருந்தியது. ஆணுக்கு வேறு சொல் இருந்தது, ஐஸ்லாந்து மொழியில் அது இன்றும் இருக்கிறது: ‘க்வைந்துர்’, அதாவது பெண்டாட்டி உள்ளவன். நம் ஊரில் ‘மூத்தவளைக் கட்டிக் கொடுத்தாச்சு’ என்போம், மூத்தவனைக் ‘கொடுத்தாச்சு’ என்று யாரும் சொல்வதில்லை. அதே கணக்கு. ஸ்வீடிஷ் சட்டத்தில் பெண்ணைக் கொடுக்கும் உரிமை உள்ள ஆணுக்கு ‘யிஃப்டூமன்’ என்றே ஒரு பெயர் இருந்தது. பெரும்பாலும் தகப்பன், அவர் இல்லாவிட்டால் நெருங்கிய ஆண் உறவு. 1734ஆம் ஆண்டின் ஸ்வீடிஷ் சட்டத்தில் திருமணப் பகுதியின் தலைப்பே இந்தச் சொல்லில்தான் தொடங்கியது. 1987இல் வந்த புதிய சட்டத்தில்தான் அந்தப் பெயர் போனது. இன்று ஆண், பெண் யாருக்கும் ‘யிஃப்ட்’ என்று எழுதலாம். கொடுத்தல் என்ற நினைவு பேசுகிறவர்கள் மனதில் இல்லை.

நார்ஸ் மொழியில் இன்னொரு சிறு கிளையும் உண்டு. ‘கிப்டா’ என்றால் அதிர்ஷ்டம், விதி தந்தது. ஐஸ்லாந்து மொழியில் ‘கிஃப்டா’ என்ற பெயர்ச்சொல் அதே பொருளில் இன்னும் வாழ்கிறது. தமிழில் இதை விளக்கவே வேண்டாம். ‘கொடுத்து வைத்தவர்’, ‘அதுக்கெல்லாம் ஒரு கொடுப்பினை வேணும்’ என்று தினமும் சொல்கிறோம்.

ஆங்கிலத்துக்குத் திரும்பினால் ஒரு ஒலிச்சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு அரைகுறையாகும். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் முதல் ஒலி ககரம் இல்லை, யகரம். ‘யிஃப்ட்’ என்றுதான் ஒலித்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில், 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்தில்கூட, ‘யிவ்’, ‘யிஃப்ட்’ என்ற வடிவங்கள் உண்டு. அந்தப் பாதையிலேயே வந்திருந்தால் இன்று ஆங்கிலேயர்கள் ‘பர்த்டே யிஃப்ட்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ககர ஒலி வைக்கிங்குகள் குடியேறிய வட, கிழக்கு இங்கிலாந்தில் நார்ஸ் மொழியிலிருந்து ஏறியது. ‘கிவ்’, ‘கெட்’, முட்டையைக் குறிக்கும் ‘எக்’ ஆகியவற்றின் கடின ஒலியும் அப்படி வந்ததே. பரிசு என்ற பொருளும் பெரும்பகுதி நார்ஸ் செல்வாக்கால் வலுப்பெற்றது என்பது பொதுவான கருத்து. பொருள் விரிவில் நார்ஸின் பங்கு எவ்வளவு, உள்ளூர் வளர்ச்சி எவ்வளவு என்று தராசில் நிறுக்கும் அளவுக்கு எழுத்துச் சான்று இல்லை. ஒலியைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்லலாம். (இன்றைய ஸ்வீடிஷ் ‘யிஃப்ட்’ என்று ஒலிப்பதற்கும் பழைய ஆங்கில ‘யிஃப்ட்’டுக்கும் தொடர்பில்லை. ஸ்வீடிஷில் ககரம் இ, எ போன்ற உயிர்களுக்கு முன் யகரமானது தனியாக, பிற்காலத்தில் நடந்தது.)

விஷக் கிளை பிறந்த இடம் ஜெர்மன். அதற்கு முன் ஜெர்மானியர்களிடம் விஷத்துக்குச் சொந்தச் சொல் ஒன்று நன்றாகவே இருந்தது. பழைய ஜெர்மனில் ‘ஐதர்’, பழைய ஆங்கிலத்தில் ‘ஆதர்’, நார்ஸில் ‘எய்ட்ர்’. பிறகு ஜெர்மன் மருத்துவ வழக்கில், 1050க்கு முந்தைய பழைய ஹை ஜெர்மன் (இன்றைய ஜெர்மனின் மிகப் பழைய நிலை) காலத்திலேயே, ‘கிஃப்ட்’ அந்தப் பொருளில் தலைகாட்டுகிறது. அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம் இது: கிரேக்கத்திலும் பிற்கால லத்தீனிலும் மருத்துவர்கள் ‘டோசிஸ்’ என்ற சொல்லைப் புழங்கினார்கள். நேர்ப்பொருள் ‘கொடுத்தல்’, மருத்துவப் பொருள் ‘ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தளவு’. அதைப் படித்த ஜெர்மானியத் துறவிகளும் வைத்தியர்களும் தங்கள் மொழியில் ‘கொடுத்தல்’ என்ற சொல்லை அதே வேலைக்குப் பயன்படுத்தினார்கள். சொல் உள்ளூர், பொருள் கடன். மருந்து என்பதிலிருந்து கொல்லும் மருந்துக்குப் போவது ஒரே அடிதான். இந்த ‘டோசிஸ்’, சமஸ்கிருத வழியாக நம்மிடம் உள்ள ‘தானம்’ இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கன்னிகாதானத்தில் உள்ள தானமும் டாக்டர் எழுதித் தரும் ‘டோஸ்’ என்பதும் தூரத்துச் சொந்தம்.

இன்னொரு தரப்பு, லத்தீன் உதவி தேவையில்லை, இது இயல்பான இடக்கரடக்கல் என்கிறது. விஷம் என்று வாயால் சொல்லத் தயங்கி ‘கொடுத்தது’ என்று சொல்லியிருக்கலாம் என்பது வாதம். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல, சேர்ந்தும் நடந்திருக்கலாம். என் சாய்வு ‘டோசிஸ்’ பக்கம். துறவிமடங்களில் லத்தீன் நூல்களின் ஓரத்தில் பொருள் எழுதி வைத்த வழக்கத்தில் இப்படிப் பிறந்த ஜெர்மன் சொற்கள் நிறைய. ஆனால் இடக்கரடக்கல் வாதத்துக்கும் பலம் உண்டு, ஏனென்றால் இது பல மொழிகளில் நடந்திருக்கிறது. ஆங்கிலத்தின் ‘பாய்சன்’ லத்தீனில் வெறும் ‘குடிப்பது’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நாமும் எலியைக் கொல்வதை எலிமருந்து என்கிறோம், பூச்சியைக் கொல்வதைப் பூச்சிமருந்து என்கிறோம். சோற்றில் கலந்து வசியம் செய்ததாகச் சொல்லப்படுவதற்கு ‘இடுமருந்து’ என்று பெயர். அங்கே ‘இடு’ என்பது ஏறக்குறைய ஜெர்மன் சொல்லின் வேலையையே பார்க்கிறது. இந்த ஒப்புமைகள் மனித மனம் போகும் வழியைக் காட்டுகின்றன, மொழி உறவைக் காட்டவில்லை. அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஜெர்மனில் இந்தப் பொருள் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு ‘ஃபெர்கேபன்’ என்ற வினை நல்ல சாட்சி. இன்று அதற்கு மன்னித்தல் என்று பொருள். ஆங்கில ‘ஃபர்கிவ்’ போலவே கட்டப்பட்டது. இடைக்கால ஜெர்மனில் அதே வினைக்கு ஒருவருக்கு விஷம் வைத்தல் என்ற பொருளும் இருந்தது. பழைய நூல்களைப் படிப்பவர்கள் இங்கே சறுக்குவார்கள். அரசனை அவன் தம்பி ‘ஃபெர்கேபன்’ செய்தான் என்றால் அவன் மன்னித்தானா, கொன்றானா என்று அடுத்த வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி லூத்தர் பைபிளை ஜெர்மனில் பெயர்த்தபோது பாம்பின் விஷத்துக்கு ‘கிஃப்ட்’ என்றே எழுதினார், அதற்குள் விஷப் பொருள் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. 1538இல் பாராசெல்சஸ் என்ற மருத்துவர் தன் மேல் வந்த குற்றச்சாட்டுகளுக்கு ஜெர்மனில் மறுப்பு எழுதினார். எல்லாப் பொருளும் ‘கிஃப்ட்’தான், ‘டோசிஸ்’ மட்டுமே ஒன்றை ‘கிஃப்ட்’ இல்லாததாக்குகிறது என்ற அவருடைய புகழ்பெற்ற வாதம் அதில்தான் வருகிறது. ஒரே வாக்கியத்தில் கடன் கொடுத்த கிரேக்கச் சொல்லும், அதைப் பார்த்துப் பொருள் மாறிய ஜெர்மன் சொல்லும் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் ‘கொடுத்தது’. அளவு என்ற பொருளைக் கிரேக்கச் சொல் எடுத்துக்கொண்டுவிட, ஜெர்மன் சொல்லிடம் விஷம் மட்டும் மிஞ்சியது.

பழைய பொருள் ஜெர்மனில் முற்றிலும் அழிந்துவிடவில்லை. சீதனத்துக்கு இன்றும் ‘மிட்கிஃப்ட்’ என்றுதான் பெயர்: கூடவே கொடுத்து அனுப்புவது. இலக்கணப் பால் இங்கே துப்புக் கொடுக்கிறது. பழைய ‘கிஃப்ட்’ பெண்பால், ‘மிட்கிஃப்ட்’ அதை அப்படியே வைத்திருக்கிறது. விஷம் என்ற ‘கிஃப்ட்’ மட்டும் முன்னால் ‘தாஸ்’ என்ற சுட்டுச்சொல் சேர்க்கும் அலிப்பாலுக்கு மாறிவிட்டது. பரிசு என்ற வேலையை அதே குடும்பத்தின் இன்னொரு சொல்லான ‘காபெ’ ஒரு பங்கு ஏற்றுக்கொண்டது. பேச்சில் அதிகம் வருவது ‘கெஷெங்க்’. அதன் வினை ‘ஷெங்கன்’ என்பதற்கு முதலில் பானம் ஊற்றுதல் என்றே பொருள். விருந்தாளிக்கு ஊற்றிக் கொடுத்தது பரிசு கொடுத்தலானது.

விரட்டப்பட்ட பழைய விஷச்சொல் என்ன ஆனது? ஜெர்மனில் ‘ஐட்டர்’ என்றால் இன்று சீழ். டச்சில் ‘எட்டர்’, அதே பொருள். புண்ணுக்குள் தேங்கும் கெட்ட நீர் என்ற ஒரு மூலைக்குள் அந்தச் சொல் ஒடுங்கிவிட்டது. டேனிஷில் சிலந்திக்கு ‘எடர்கோப்’ என்று பெயர், முன்பாதி அந்த விஷம்தான். ஆங்கிலத்தின் வட்டார வழக்கில் சிலந்திக்கு ‘அட்டர்காப்’ என்ற பழைய சொல் உண்டு. ஒட்டடையைக் குறிக்கும் ‘காப்வெப்’ என்பதில் இருக்கும் ‘காப்’ அதன் பின்பாதி. ஐஸ்லாந்து மொழி மட்டும் பழையபடி ‘எய்துர்’ என்றே விஷத்தைச் சொல்கிறது. அங்கே ‘கிஃப்ட்’ குடும்பத்துக்குக் கல்யாணமும் அதிர்ஷ்டமும்தான், விஷம் சேரவில்லை. காரணம் எளிது. ஸ்வீடன், டென்மார்க், நார்வே மூன்றுக்கும் விஷப் பொருள் இறக்குமதிச் சரக்கு. இடைக்காலத்தின் பிற்பகுதியில் லூபெக்கை மையமாகக் கொண்ட ஹன்சா என்ற வணிக நகரக் கூட்டமைப்பின் வணிகர்களோடு, வட ஜெர்மனியில் பேசிய கீழ் ஜெர்மன் மொழியின் சொற்கள் பெர்கன், ஸ்டாக்ஹோம் போன்ற துறைமுகங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போயின. அந்தக் கூட்டத்தில் இந்தப் பொருளும் போய், அங்கே ஏற்கெனவே இருந்த கல்யாணச் சொல்லோடு எழுத்தில் மோதிக்கொண்டது. தூரத்துத் தீவான ஐஸ்லாந்தில் இது வேர்பிடிக்கவில்லை. ஆகவே ஸ்காண்டிநேவியாவில் கல்யாணம் வீட்டுப் பிள்ளை, விஷம் வந்தேறி.

டச்சு இந்தச் சிக்கலைத் தானே பிரித்துத் தீர்த்துக்கொண்டது. ‘கிஃப்ட்’ என்றால் நன்கொடை, விஷத்துக்குத் தகரத்தை உதிர்த்துவிட்டு ‘கிஃப்’ அல்லது ‘ஃபெர்கிஃப்’. (டச்சு ககரம் தொண்டையிலிருந்து உரசி வரும்.) ஆனால் பெயரெச்சத்தில் தகரம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது: ‘கிஃப்டிக்’ என்றால் நன்கொடை சார்ந்தது இல்லை, விஷமுள்ளது. டச்சு அறநிலையங்களின் பக்கத்தில் ‘கிஃப்டன்’ என்று பார்த்தால் அது நன்கொடைகள் மட்டுமே. டச்சிலிருந்து பிறந்த தென்னாப்பிரிக்க மொழியான ஆஃப்ரிகான்ஸும் ‘கிஃப்’ என்று விஷத்தைச் சொல்கிறது.

இனி ஐயத்துக்குரிய பகுதி. ‘கெப்’ என்ற வேர் ஜெர்மானியத்துக்கு முன்னால் எங்கே இருந்தது என்பதில் கருத்து ஒற்றுமை இல்லை. ஜெர்மானியமும் அடங்கிய பெரிய இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தின் மற்ற மொழிகள் பல கொடுத்தலுக்கு ‘தா’ வேரைப் பயன்படுத்துகின்றன. ஜெர்மானியம் அதை இழந்து இந்த வேரைப் பிடித்துக்கொண்டது. பழைய ஐரிஷில் எடுத்தல் என்று பொருள்படும் ‘கைபித்’, லத்தீனில் வைத்திருத்தல் என்று பொருள்படும் ‘ஹபேரே’ இரண்டும் உறவாக இருக்கலாம் என்கிறார்கள். எடுத்தல், வைத்திருத்தல், கொடுத்தல் மூன்றும் ஒரே வேரில் அடங்குவதும் உயிரொலிகள் பொருந்துவதும் எளிதல்ல. எடுத்தல் என்ற ‘நெமன்’ வினையைப் பார்த்து, கொடுத்தல் என்ற பழைய ஜெர்மானிய வினையான ‘கெபன்’ தன் உயிரை மாற்றிக்கொண்டது என்ற விளக்கம் அதற்காகச் சொல்லப்படுவது. நியாயமாகத் தோன்றினாலும் நிரூபணம் இல்லை. உறுதியானது ஒன்று: ஜெர்மன் ‘ஹாபன்’, லத்தீன் ‘ஹபேரே’ இரண்டும் பொருளிலும் ஒலியிலும் இரட்டைபோல் இருந்தாலும் உறவில்லை. ஒலிமாற்ற விதிப்படி லத்தீன் ஹகரத்துக்கு ஜெர்மனில் ககரம் வர வேண்டும். ‘ஹாபன்’ உறவாடுவது பிடித்தலைக் குறிக்கும் லத்தீன் ‘கபேரே’ உடன்.

தமிழ் ‘ஈவு’தான் ‘கிவ்’ ஆனது என்று இணையத்தில் சுற்றும் செய்தியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை ஏற்க முடியாது. இன்றைய ஆங்கில உச்சரிப்பில் உள்ள வகரம் பிற்காலத்து ஒலி, அதற்கு முன் அந்த இடத்தில் பகரம். ஜெர்மன் ‘கேபன்’ அதை இன்னும் காட்டுகிறது. முதலில் உள்ள ககரத்துக்கும் ‘ஈவு’ விளக்கம் தராது. இரண்டு சொற்களை ஒப்பிடும்போது இரண்டின் மிகப் பழைய வடிவங்களையும் வைத்து ஒப்பிட வேண்டும், இன்றைய வடிவங்களை அல்ல.

நடைமுறைக்குச் சில. ஜெர்மனியில் பரிசு அட்டை வேண்டுமென்றால் ‘கூட்ஷைன்’ என்று கேளுங்கள். ஸ்வீடனில் ‘பிரெசென்ட்கூர்ட்’, டென்மார்க்கிலும் நார்வேயிலும் ‘கவே’ என்று தொடங்கும் சொல், நெதர்லாந்தில் ‘கடோபொன்’. ரசாயனப் பொருள்களின் ஜெர்மன் லேபிளில் எச்300 என்ற குறியீடு இருந்தால் விழுங்கினால் உயிருக்கு ஆபத்து, எச்301 இருந்தால் ‘கிஃப்டிக்’ என்ற சொல்லோடு விழுங்கினால் நச்சு, எச்302 என்றால் அதைவிடக் குறைந்த தீங்கு. ஸ்வீடிஷில் விஷமா கல்யாணமா என்ற குழப்பம் நடைமுறையில் வருவதே இல்லை. முன்னால் ‘எட்’ வந்தாலோ ‘யிஃப்டெட்’ என்று முடிந்தாலோ அது பெயர்ச்சொல், விஷம். ‘இருக்கிறேன்’ என்ற வினைக்குப் பின்னால் தனியாக வந்தால் கல்யாணமானவர், பலரைச் சொல்லும்போது ‘யிஃப்டா’. கவனம் தேவைப்படுவது எதிர்மறையில்தான்: ‘ஊயிஃப்ட்’ என்றால் கல்யாணமாகாதவர், ‘ஊயிஃப்டிக்’ என்றால் நச்சில்லாதது. படிவத்தில் எழுத வேண்டியது முதலாவது.